இடுப்பெலும்புக்கு ஒரு பொட்டு

போன மாதம் ஷகிலா போன் செய்தாள். காக்களூர் பட்டறையில் நான் இருபது வருஷம் தேய்த்த ஸ்டூலில் இப்போது அவள்தான் உட்காருகிறாள்.

"யக்கா, ஆடிட்டு வந்துகீறாங்க. ஸ்டோர் லிஸ்ட்ல கடைசில 'ஸ்டிக்கர் பொட்டு, மெரூன், ஒரு அட்டை'ன்னு கீது. இது இன்னாத்துக்குன்னு அந்த ஆளு கேக்கறாரு."

"இடுப்பெலும்புக்கு வைக்கன்னு சொல்லு."

"சொன்னேன்க்கா. பேனாவ மூடி வச்சுட்டு என் மூஞ்சியவே பாத்துகினு கீறாரு."

எழுத்தில் காரணம் வேண்டுமாம். அரைப் பக்கம் போதுமாம். ஒரு மனிதர் முட்டி போட்டுக்கொண்டு ஆட்டோவில் வந்த காரணம், ஒரு டாக்டர் என்னைத் 'தாங்கள்' என்று கூப்பிட்ட காரணம், என் நெற்றியில் இருந்தது ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் போன காரணம், எல்லாம் அரைப் பக்கத்தில் அடங்குமா? ஓய்வு பெற்றவளிடம் கேட்டது அவர்கள் தப்பு. எனக்கு இப்போது காலை முழுக்க நேரம். மாலை முழுக்க ஞாபகம்.

நான் படித்தது ஐ.டி.ஐ., ஃபிட்டர். முதல் வேலை கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி ஆலை. சிவந்த கம்பிகள் உருளைகளுக்கு நடுவே சீறிக்கொண்டு ஓடும். நான் ஆறிய கம்பியை அளந்து பார்ப்பேன். அங்கே ஒன்பது வருஷம். அந்த ஒன்பதையும் ஐ.டி.ஐ. இரண்டையும் பிழிந்தால் ஒரே சொட்டுதான் விழும்: வரைபடத்தில் இடது என்றால் உன் இடது. காகிதம் உன்னைப் பார்க்கிறது, நீ காகிதத்தைப் பார்க்கிறாய், உன் இடது கைப்பக்கம் இருப்பது இடது. இந்த ஒரு சொட்டுதான் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

கல்யாணமாகித் திருவள்ளூர் வந்ததும் காக்களூர் எஸ்டேட்டில் சேர்ந்தேன். எலும்பு டாக்டர்களுக்குத் திருகாணி, தகடு, தண்டு செய்து தருகிற பட்டறை. கும்மிடிப்பூண்டியில் டன் கணக்கில் பார்த்தவளுக்கு இங்கே உள்ளங்கையில் அடங்குகிற சாமான்கள். முதல் நாள் ஒரு திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு, இது ஒருவர் உடம்புக்குள் போய் அவரோடு சினிமா பார்க்கும், அவரோடு சண்டை போடும், அவரோடு தூங்கும் என்று நினைத்தேன். தலை சுற்றியது. அந்தச் சுற்றல் கடைசி நாள்வரை நிற்கவில்லை. சம்பளத்தோடு சேர்த்து அதையும் கொடுத்தார்கள்.

முதலாளி பள்ளிப்பட்டுக்காரர். மனிதர், மெஷின், கம்பி, பூனை என்று எல்லாரையும் 'நைனா' என்பார். அதனால் அவருக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. தயாரான தண்டை வாங்கியதும் கண்ணை மூடிக்கொள்வார். கட்டைவிரல் நகத்தை அதன்மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாக இழுப்பார். கண்ணுக்குத் தெரியாத கீறல் நகத்துக்குத் தெரியும். நகம் ஓர் இடத்தில் தயங்கினால், "இந்த நைனா வாணாம்மா, பின்னால ஒடைவாரு" என்று தனிப் பெட்டியில் போட்டுவிடுவார். டைட்டானியத்துக்கு அந்தக் குணம். கீறல் ஆகாது, வளைத்ததை நிமிர்த்தி மறுபடி வளைத்தாலும் ஆகாது. ஒரு தடவை வளைக்கலாம், அதோடு சரி.

எங்களிடம் அதிகம் வேலை வாங்கியவர் டாக்டர் மரகதம். எலும்புக் கட்டிகளை அறுத்தெடுப்பவர். நாலேமுக்கால் அடி இருப்பார். மரப்பலகை ஒன்றின்மேல் ஏறி நின்றுதான் ஆபரேஷன் செய்வார். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. கோபம் ஏற ஏற மரியாதை ஏறும். சாதாரண நாளில் நான் 'கஸ்தூரி'. சாமான் ஒருநாள் தாமதமானால் 'கஸ்தூரி அம்மா'. ஒருமுறை திருகாணி அளவு அரை மில்லிமீட்டர் பிசகியபோது, "அம்மையார் அவர்கள் ஸ்கேல் பயன்படுத்துவது உண்டா?" என்றார். அன்று மதியம் நைனா சாப்பிடவில்லை.

ஒன்பது வருஷம் முன்பு, ஐப்பசி மாதம், அவரிடமிருந்து ஒரு வேலை வந்தது.

முதுகுத்தண்டின் அடியில், இரண்டு இடுப்பெலும்புக்கும் நடுவில் ஆப்பு அடித்தமாதிரி ஒரு முக்கோண எலும்பு இருக்கிறது. டாக்டர்கள் சேக்ரம் என்பார்கள். பட்டறையில் நாங்கள் ஆப்பெலும்பு என்போம். தலை, தோள், கை, வயிறு, கவலை என்று மேலே இருக்கிற மொத்தப் பாரமும் முதுகுத்தண்டு வழியாக இந்த ஆப்பில் இறங்கி, அங்கே இரண்டாகப் பிரிந்து இரண்டு காலுக்குப் போகிறது. அந்த ஆப்புக்குள் ஒருவருக்குக் கட்டி வளர்ந்திருந்தது. மெதுவாக வளர்கிற, மிச்சம் வைத்தால் திரும்பி வருகிற ஜாதி. ஆப்பை முழுசாக எடுக்க வேண்டும். எடுத்தால் முதுகுத்தண்டு அந்தரத்தில் நிற்கும். அதைத் திருகாணிகளாலும் இரண்டு தண்டுகளாலும் இடுப்பெலும்போடு கட்ட வேண்டும். இரண்டு இடுப்புக்கும் நடுவே ஒரு குறுக்குத் தண்டு. உடம்பைத் திறந்து வைத்துக்கொண்டு தண்டை வளைத்துக்கொண்டிருந்தால் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும். அதனால் முன்கூட்டியே வளைத்துக் கொடுங்கள் என்றார் டாக்டர். ஸ்கேனிலிருந்து அச்சடித்த அந்த மனிதரின் இடுப்பெலும்பு மாதிரி, வெள்ளைப் பிளாஸ்டிக்கில், அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியது.

போனில் ஒரே ஒரு குறிப்பு: "கட்டி இடது பக்கம் சாஞ்சிருக்கு. அங்க மூட்டைத் தாண்டி ரெண்டு விரல் அதிகமா அறுப்பேன். மாதிரியையும் அப்படியே அறுத்துட்டு அளவெடுங்க."

மாதிரியில் எலும்பின் வெளிப்புறம்தான் தெரியும். உள்ளே கட்டி எந்தப் பக்கம் என்று பிளாஸ்டிக் சொல்லாது. நான் அதைப் பட்டறை வைஸில், அந்த இரும்புப் பிடியில், மாட்டினேன். எதிரே நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து என்னைப் பார்ப்பதுபோல் வயிற்றுப்பக்கம் என்னை நோக்கி அழகாக உட்கார்ந்தது. இடது பக்கம் அறுத்தேன். அலுமினியக் கம்பியை வளைத்து மாதிரியில் பதித்துப் பார்த்தேன். அது பொருந்தியபிறகு, அதைப் பார்த்துப் பார்த்து டைட்டானியத்தை வளைத்தேன். டைட்டானியம் முரண்டு பிடிக்கும். பத்து டிகிரி வளைத்தால் கொஞ்சம் திமிறி நிமிரும், அந்தத் திமிறலையும் சேர்த்து வளைக்க வேண்டும், கூடிவிட்டால் போச்சு. இரண்டு நாள் வேலை. நைனா கண்ணை மூடி நகத்தை இழுத்தார். நகம் தயங்கவில்லை. எனக்கு ரெக்கை முளைத்தது.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. உள்ளே ஒரு மனிதர் சீட்டில் முட்டி போட்டு, பின்பக்கம் திரும்பி, அதன் முதுகைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பின்கண்ணாடி வழியே தான் கடந்துவந்த திருவள்ளூரைப் பார்த்தபடி இருந்தார். நெற்றியில் நாமம்.

"இன்னா சாமி, பின்னால வர்ற வண்டிக்கெல்லாம் ஆசீர்வாதமா?" என்றேன்.

"உட்கார முடியலேம்மா. வர்ற வழியெல்லாம் ஒரு தண்ணி லாரிக்காரன் என்னைப் பார்த்துக் கும்பிட்டுண்டே வந்தான்."

வரதன். வயது நாற்பத்தொன்று. திருவள்ளூர் பெருமாள் கோயிலில் ஸ்ரீபாதம் தாங்கி. உற்சவத்துக்குப் பெருமாளைப் பல்லக்கில் தோளில் சுமந்து வீதி வருகிறவர். வலது தோளில் பல்லக்குத் தண்டு பட்டுப் பட்டு எலுமிச்சை அளவுக்குக் காய்ப்பு. இடுப்பு வலித்தபோது தெருவே சொல்லியிருக்கிறது, பெருமாள் பாரம், சரியாகிவிடும் என்று. இரண்டு வருஷம் தைலம் தேய்த்திருக்கிறார். அன்று சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், மறுநாள் வயிற்றுப்பக்கம் ஒரு ஆபரேஷன், அதற்கு அடுத்த நாள் முதுகுப்பக்கம் தண்டு வைக்கிற ஆபரேஷன். போகிற வழியில் இறங்கியிருக்கிறார்.

"என்னைச் சுமக்கப்போற தண்டைப் பார்க்கணும்னு தோணித்து. நான் சுமக்கற தண்டை தினமும் தொட்டுக் கும்பிடறேன். இதையும் ஒரு தரம் தொட்டுட்டா தேவலை."

நைனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "வா நைனா, தொடு நைனா" என்று உள்ளே கூட்டிப்போனார்.

வரதன் தண்டுகளைத் தொட்டார். குறுக்குத் தண்டைப் பார்த்து, "பேஷ். நாங்களும் குறுக்கு வாரை கட்டாமத் தூக்கமாட்டோம்" என்றார். பிறகு சொன்னார்: "டாக்டர் இனிமே நான் பெருமாளைத் தோள்ல ஏளப்பண்ணக் கூடாதுன்னுட்டா. சரின்னுட்டேன். தானா ஒண்ணுக்குப் போக வராது, குழாய் வச்சுக்கணும்னா. அதுக்கும் சரின்னுட்டேன். ரெண்டு கால்ல நிப்பேனான்னு கேட்டேன். தண்டு சரியா உட்கார்ந்தா நிப்பேள்னா. அதான் வந்தேன்."

சொல்லிக்கொண்டே வைஸில் இருந்த தன் இடுப்பெலும்பின் பின்னால் போய் நின்றார். பல்லக்கின் பின்தண்டில் நிற்கிறவர்போல், அது பார்க்கிற திசையைத் தானும் பார்த்துக்கொண்டு. கையை வைத்துத் தடவினார். தடவிய கை நின்றது.

"ஏம்மா, நேக்கு வலி இடது பக்கம்."

"தெரியும் சாமி. இடதுதான் அறுத்திருக்கு."

"இல்லையே. வலதுன்னா அறுத்திருக்கேள்?"

"இதோ, இதுதானே இடது?" என் இடது கையைக் காட்டினேன்.

"அது உங்க இடது. எங்க கோயில்ல பார்க்கறவா பக்கம் கணக்கே கிடையாது. வலம்னா பெருமாளோட வலம். திருப்பத்துல முன்னாடி நிக்கறவன் தன் வலம்னு நினைச்சுக் கூவினா பல்லக்கு பூக்கடைக்குள்ள போயிடும். ஒரு தரம் போயிருக்கு."

நான் சுற்றிக்கொண்டு போய் அவர் பக்கத்தில், எலும்பின் பின்னால் நின்றேன். பட்டறை மொத்தமும் ஒருமுறை திரும்பிப் படுத்தது. என் இடது எதிரே உட்கார்ந்தவருடைய வலது. நல்ல எலும்பை அறுத்து, நல்ல எலும்புக்கு அளவெடுத்து, குற்றமில்லாமல், நகம்கூடத் தயங்காமல், முற்றிலும் தப்பாகச் செய்துவைத்திருக்கிறேன். தியேட்டரில் ஆப்பை எடுத்தபிறகு, இவர் முதுகு அந்தரத்தில் நிற்கும்போது, டாக்டர் இந்தத் தண்டை வைத்துப் பார்த்திருப்பார்.

வைஸைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டவர் உட்காரவே முடியாத அந்த மனிதர்.

"எவ்ளோ டைம் கீது?" என்றேன் நைனாவிடம்.

"நாலு மணிக்கு வண்டி. ஆஸ்பத்திரில சுத்தம் பண்ண வைக்கணும். அந்த நீளத்துல ரெண்டே தண்டுதாம்மா கீது." நைனா கையிலிருந்த வேர்க்கடலையை உடைக்காமலே வாயில் போட்டுக்கொண்டார்.

இரண்டே தண்டு. ஒவ்வொன்றையும் ஒரே தடவைதான் வளைக்கலாம்.

அறுத்த துண்டைப் பசை போட்டு வலப்பக்கம் திரும்ப ஒட்டினேன். அது காய்கிற நேரத்தில் எனக்கு வெறி பிடித்ததுபோல் ஆகிவிட்டது. இனி கண்ணையும் நம்பக்கூடாது, கையையும் நம்பக்கூடாது. சாக்பீஸ் அழியும், பேனா பிளாஸ்டிக்கில் நிற்காது. சட்டென்று என் நெற்றியிலிருந்து பொட்டைப் பிய்த்து அந்த எலும்பின் வலது இடுப்பில், வரதனின் வலது இடுப்பில், ஒட்டினேன்.

"இதான் சாமி உன் வலம். இனிமே இத நான் நிமித்தினாலும் கவுத்தாலும் மாறாது."

"திருமண் வேணும்னாலும் இட்டுவிடறேன்" என்றார் வரதன்.

"தே, சும்மா கெட சாமி!" என்று நைனா அதட்டினார். பிறகு மூவரும் சிரிக்க ஆரம்பித்தோம். பயத்தில் வருகிற சிரிப்பு அது. நிறுத்தப் பார்த்தால் பொங்கும்.

வரதன் போக மறுத்துவிட்டார். "அளவு தப்பினா அசல் இங்க இருக்கு" என்று, இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் அட்டை விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டார். ஆபரேஷனில் எப்படிப் படுப்பாரோ அப்படி. மாதிரியை வைஸிலிருந்து கழற்றி, அவர் பக்கத்திலேயே, அவர் தலை இருக்கிற திசைக்கே குப்புறப் போட்டேன். இடது பக்கம், பொட்டு இல்லாத பக்கம், மூட்டைத் தாண்டி இரண்டு விரல். அறுப்பதற்கு முன் அவர் முதுகைத் தொட்டேன்.

"சாமி, எந்தப் பக்கம் வலி?"

இடது கை தூக்கினார்.

அறுத்தேன். அலுமினியக் கம்பியை மூன்று முறை வளைத்து, மூன்று முறை குப்பையில் எறிந்து, நான்காவதை வைத்துக்கொண்டேன். பிறகு தண்டு. கொஞ்சம் வளைத்து, பொருத்திப் பார்த்து, நிமிர்த்தாமல் அதே பக்கமாக இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால், "எந்தப் பக்கம்?" என்பேன், மேஜையிலிருந்து ஒரு கை எழும்பும். முதல் தண்டு ஒரு மணிக்கு உட்கார்ந்தது. இரண்டாவது, அந்த நீண்ட இடது தண்டு, கடைசி வளைவில் திமிறியது. இன்னும் இரண்டு டிகிரி வேண்டும். கூடினால் வேறு தண்டு இல்லை. மூச்சைப் பிடித்துக் கைப்பிடியை அழுத்தினேன். விட்டேன். தண்டு திமிறி, யோசித்து, நின்றது. மாதிரியில் வைத்தேன். சத்தமே இல்லாமல் போய் உட்கார்ந்தது.

மூன்றேகாலுக்கு நைனா கண்ணை மூடினார். நகம் முனையிலிருந்து முனைவரை போனது. பட்டறையில் யாரும் எச்சில்கூட முழுங்கவில்லை.

"ஓடுங்க நைனா" என்றார் தண்டிடம்.

பழைய ஜோடியைப் பெட்டியில் போட்டுப் பூட்டியபிறகு, "டாக்டர்கிட்ட சொல்லணுமா? சரியாத்தான் பண்ட்டோமே" என்று முனகினார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் மேஜையிலிருந்து இறங்க முடியாமல் இறங்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்தேன். போன் போட்டேன். ஒன்று விடாமல் சொன்னேன்.

"தாங்கள்," என்றார் டாக்டர் மரகதம். 'அம்மையாரை'யும் தாண்டிவிட்டார். "தாங்கள் நாளை மறுநாள் காலை ஆறரைக்கு அந்த மாதிரியை எடுத்துக்கொண்டு தியேட்டருக்கு எழுந்தருள வேண்டும். பொட்டை எடுத்துவிடாதீர்கள்."

போனேன். பச்சை உடை, முகமூடி, தொப்பி. சுவரோரம் ஒரு ஓரம். மாதிரியைக் கண்ணாடி அலமாரிக்கு முன்னால், நோயாளி எப்படிப் படுத்திருக்கிறாரோ அப்படியே வைக்கச் சொன்னார் டாக்டர். பலகைமேல் ஏறினார். தியேட்டரில் இருந்த எல்லாரையும் பார்த்து, "இவருக்கு வலது எது, காட்டுங்க" என்றார். மயக்க டாக்டர் முதல் தரை துடைக்கிறவர்வரை எல்லாக் கைகளும் பொட்டை நோக்கி நீண்டன.

முந்தின நாளே வயிற்றுப்பக்கம் திறந்து ரத்தக்குழாய்களைப் பிரித்துவைத்திருந்தார்கள். இது முதுகுப்பக்கம். முதலில் முதுகெலும்பில் இரண்டு பக்கமும் திருகாணிகள். பிறகு இடுப்பெலும்புக்குள் நீளமான திருகாணிகள். ஒவ்வொன்றும் உள்ளே போகும்போது அதன் தலையை எனக்குத் தெரியும். நான் அளந்த தலை. பிறகு நரம்புகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிரித்து, விட வேண்டியதை விட்டு, காப்பாற்ற வேண்டியதைக் காப்பாற்றினார். டாக்டர் வேலை செய்யும்போது மூக்குக்குள் ஏதோ ராகம் பாடுவார். கஷ்டமான இடத்தில் ராகம் நிற்கும். அன்று இரண்டு மணி நேரம் ராகம் இல்லை. பிறகு ஆப்பு, கட்டியோடு சேர்ந்து ஒரே துண்டாக, இரண்டு கையில் வெளியே வந்தது.

அந்த இடத்தைப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. ஒரு மனிதரின் மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் நடுவே வெறும் வெளி.

"தண்டு" என்றார் டாக்டர்.

வலது உட்கார்ந்தது. இடதை வாங்கினார், கண்ணுக்கு நேராகப் பிடித்தார், இறக்கினார். நான்கு திருகாணித் தலைகள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் ஒரு நூலளவு நின்றது. டாக்டர் அழுத்தவில்லை. விரலால் மெல்லத் தட்டினார். விழுந்தது.

மூக்குக்குள் ராகம் ஆரம்பித்தது. குறுக்குத் தண்டு மாட்டி, காலிலிருந்து எடுத்த எலும்புத் துண்டுகளை நடுவே அடுக்கி, மறை முடுக்குகிறவரை அந்த ராகம் ஓயவில்லை. பலகையிலிருந்து இறங்கும்போது என்னைப் பார்த்து, "கஸ்தூரி, நாஷ்டா சாப்பிட்டியா?" என்றார். மணி மாலை நாலு. ஆனால் வெறும் கஸ்தூரி! நான் லிஃப்டுக்குக் காத்திராமல் ஆறு மாடி இறங்கி ஓடினேன்.

ஆகவே, ஆடிட்டர் ஐயா, அன்றிலிருந்து எங்கள் பட்டறைக்கு வருகிற எந்த மாதிரியானாலும் பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலை, நோயாளியின் வலப்பக்கம் ஒரு பொட்டு. ஆண், பெண், எந்த மதம், எதுவும் பார்ப்பதில்லை. மெரூன் ஏன் என்று கேட்டால், அன்று நான் வைத்திருந்தது மெரூன். தயவுசெய்து லிஸ்டில் விட்டுவையுங்கள்.

இத்தோடு முடித்திருந்தால் அரைப் பக்கத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆனால் பதினைந்து மாதம் கழித்து வந்த தை மாத வீதிப் புறப்பாட்டைச் சொல்லாமல் எப்படி விடுவது?

வரதன் படுத்திருந்தார், பிறகு சாய்ந்தார், பிறகு வாக்கரைப் பிடித்து நின்றார். வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. இடது பாதம் கொஞ்சம் இழுக்கும். குழாயை மணி பார்த்து வைத்துக்கொள்வார்; "நித்திய பூஜை மாதிரி ஆயிடுத்து" என்பார். தடி இல்லாமல் ஒரு அடிகூட வைத்ததில்லை, பயம். டாக்டர், நைனா, நான் எல்லாரும் சொல்லிப் பார்த்தாயிற்று. "எலும்பு ஒத்துண்டுடுத்து, மனசு ஒத்துக்கலை" என்பார்.

கோயிலில் அவருக்குப் புது வேலை கொடுத்திருந்தார்கள். தெரு முனையில் நின்று, பல்லக்கு திரும்பும்போது தூக்குகிறவர்களுக்குப் பக்கம் சொல்ல வேண்டும். நானும் நைனாவும் அதைப் பார்க்கத்தான் போனோம். நல்ல வெயில், நாதஸ்வரம், கூட்டம். நான் இன்னும் கிட்டே பார்க்க ஆசைப்பட்டுத் தெரு நடுவிலேயே போய் நின்றுவிட்டேன். பல்லக்கு என் எதிரே ஆடி ஆடி வந்தது. முனையில், பூக்கடைக் கம்பத்தில் தடியைச் சாய்த்துவிட்டு, அதே கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வரதன் மறு கையைத் தூக்கினார்.

"வலம்! வலம்!"

வலம் என்றால் வழி விட வேண்டுமே என்று, நான் என் இடப்பக்கம் சாமர்த்தியமாகத் துள்ளி ஒதுங்கினேன். பல்லக்கு நேராக என்மேல் திரும்பியது.

"கஸ்தூரீ! பெருமாளோட வலம்மா!"

என் மணிக்கட்டை ஒரு கை பிடித்து வெடுக்கென்று இழுத்தது. தண்டு என் காதை உரசாத குறையாகக் கடந்து போனது. குடை போனது, சாமரம் போனது, துளசி வாசனை போனது. நைனா தூரத்தில் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். என் மணிக்கட்டை இன்னும் விடாமல் வரதன் என் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "இத்தனை சொல்லியும் மறுபடியும் அதே தப்பா" என்று திட்ட வாயெடுத்தவர், திட்டவில்லை. பூக்கடைக் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். ஐந்து அடி தூரம் இருக்கும்.

"தடி அங்க இருக்கு" என்றார் வரதன். "அப்போ நான் இங்க எப்படி வந்தேன்?"